வழித்துத் துடைத்த நாக்கு

நான் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். காலையில் திலக் நகரில் வீடு வீடாகப் பிள்ளைகளை ஏற்றி, சயான் வழியாக மாட்டுங்காவுக்குக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்குவேன். மத்தியானம் அதே வழியில் திரும்ப அழைத்து வருவேன். பிள்ளைகளுக்குத் துணையாக வண்டியில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வேனில் அந்தத் துணை என் மனைவி. கதவு திறந்துவிடுவது, பைகளை வாங்கி வைப்பது, தாய்மாருக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது வசதி. வெளி ஆட்களிடம் பேசுவதென்றால் சிறு வயதிலிருந்தே கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வார்கள். படித்திருந்தாலும் நான் இப்படித்தான் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

போன வருடம் கிறிஸ்துமஸ் கழிந்த பிறகு எனக்கு உறக்கம் கெட்டது. படுத்ததும் கண் அசரும். இரண்டு மணி வாக்கில் யாரோ தட்டி எழுப்பியது போல முழிப்பு வரும். அதற்குப் பிறகு விடியும் வரை புரண்டுகொண்டே கிடப்பேன். பகலில் உடம்பில் ஒரு சத்து இருக்காது. தாராவியில் எங்கள் வீடு மாடியில்; ஏறுகிற இரும்பு ஏணியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவேன். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம், சர்க்கரை, இருதயம் எல்லாம் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்று தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் காலையில் தலை ஈரத்துணி மாதிரிக் கனத்தது. வண்டி ஓட்டுகிறவனுக்கு அது ஆகாது என்று நிறுத்திவிட்டேன்.

வருடக் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு நாள் சயான் சிக்னலில் வண்டி நின்றது. பச்சை விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. பின்னால் ஹாரன் சத்தம். என் மனைவி தோளைப் பிடித்துக் கிள்ளினாள்.

“ஏங்க! கண்ண மூடிக்கிட்டா இருக்கீய?”

பிள்ளைகள் சிரித்தார்கள். வண்டி நின்றிருந்ததால் போயிற்று; ஓடிக்கொண்டிருந்தால்? மீதி நாட்களுக்கு வேறொரு டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டேன். லீவு முடிந்து பள்ளி திறப்பதற்குள் உறக்கம் சரியாக வேண்டும். சரியாகாவிட்டால் வேனை விற்றுவிடுவது என்று அவளிடம் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. எதற்கும் மறுத்துப் பேசுகிறவள் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

திலக் நகரில் ஒரு சிறுமியின் தாய்தான் அந்த டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். மாட்டுங்காவில் சீன வைத்தியம் பார்க்கிறவர், நம் தமிழ்க்காரர், மெல்லிய ஊசி குத்துவார், தனக்குத் தீராமல் இருந்த ஒற்றைத் தலைவலியே குறைந்தது என்றார்.

“நாக்கைத்தான் அவங்க முதல்ல பார்ப்பாங்க. நாக்கைப் பார்த்தே உள்ளே இருக்கிறதைச் சொல்லிடுவாங்க” என்றார்.

இதை அவர் என் மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டாம். போகிற அன்று காலையில் நான் பல் விளக்கி, நாக்கு வழித்து, குளித்து, சட்டை மாட்டி நின்றேன். அவள் என்னை நிறுத்தி, “நீட்டுங்க” என்றாள். நீட்டினேன்.

“இப்படியா கொண்டுபோயிப் படிச்ச பொம்பளைக்கு முன்னால நீட்டுவீய? வெள்ளையா இருக்கு பின்னால. இன்னொரு தரம் நல்லா வழிங்க.”

எஃகு நாக்கு வழிப்பானால் மறுபடியும் வழித்தேன். அடி நாக்கு வரை விட்டதில் குமட்டிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் பார்த்து, “இன்னும் ஒரு இழு” என்றாள். ரயிலில் மாட்டுங்கா போய் இறங்கும்போது நாக்கு எரிந்துகொண்டிருந்தது. உப்புப் போட்டுத் தேய்த்த வெண்கலச் செம்பு மாதிரி இருந்திருக்கும்.

டாக்டரம்மாவுக்கு எங்கள் வயது இருக்கும். பழைய கட்டடத்தின் முதல் மாடியில், முன்னறையில் மேஜை, உள்ளறையில் கட்டில். “வாங்கோ, உட்காருங்கோ” என்றார். இரண்டு கைகளிலும் மாறி மாறி மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என் மனைவிதான் பதில் சொன்னாள்.

“எத்தனை மணிக்கு முழிப்பு வரது?”

“ரெண்டு மணிக்கு, டாக்டரம்மா. கடிகாரம் வச்ச மாதிரி.”

“சீன வைத்தியத்துல ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு நேரம் உண்டு. அது ஈரலோட நேரம்.”

“நாங்க ஈரலு வாங்குறதே கெடையாதே!”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “இவரோட ஈரலைச் சொல்றேன்மா. சரி, ராத்திரி சாப்பாடு எப்போ?”

“ஜெபம் முடிஞ்ச ஒடனே சாப்பிட்ருவோம். அதுல ஒரு நாளும் மாத்தம் கெடையாது.”

“நல்ல பழக்கம்” என்று சொல்லி ஏதோ எழுதிக்கொண்டார்.

அப்புறம் நாக்கு. ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்லி, நீட்டச் சொன்னார். குனிந்து வெகுநேரம் பார்த்தார். நாக்கில் பூச்சே இல்லை, உரித்தது போலச் சிவந்திருக்கிறது, உடம்பின் ஈரப்பசை வற்றி உள்ளே சூடு ஏறிவிட்டது என்றார். அதனால்தான் மனசு இருப்புக் கொள்ளாமல் எழுந்துவிடுகிறதாம். என் மனைவி எனக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தலையை ஆட்டினாள். நாக்கு பார்க்கச் சுத்தமாக இருந்ததில் அவளுக்குத் திருப்தி.

உள்ளே கட்டிலில் படுக்க வைத்து, மணிக்கட்டு மடிப்பில், கணுக்காலுக்கு மேலே, காதுக்குப் பின்னால் என்று ஊசிகள் குத்தினார். முடி போல மெல்லிசு. எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு இடத்தைக் காட்டி, நடந்து களைத்தவனை மறுபடி நடக்க வைக்கிற இடம் இது என்றார். அங்கே ஊசிக்குப் பதிலாகச் சுருட்டு மாதிரி ஒன்றைப் பற்றவைத்து, தோலில் படாமல் பக்கத்தில் பிடித்தார். மாசிபத்திரி இனத்துச் செடியின் இலையை இடித்துச் சுருட்டியதாம். இதமான சூடு காலுக்குள் இறங்கியது. அடுத்து எனக்குத் தெரிந்தது என் மனைவி என்னை உலுக்கியதுதான்.

“கொறட்ட சத்தம் வெளிய வரைக்கும் கேக்கு” என்றாள். பிறகு டாக்டரம்மாவிடம், “இந்தக் கட்டில எங்கள்ட்ட குடுத்துருங்க. வீட்ல சட்டுன்னு ஒறங்கிருவாவ” என்றாள்.

காது மடலில் கடுகு போன்ற சிறிய விதைகளை வைத்து மேலே பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார். நினைவு வரும்போதெல்லாம் அழுத்த வேண்டும். படுக்கப் போகும் முன் வெந்நீரில் கால் வைக்க வேண்டும். ஈரப்பசை கூடுவதற்காக, பாதாம் அரைத்துப் போட்ட பால் ஒரு பெரிய டம்ளர் குடிக்க வேண்டும்.

அன்றைக்கு வீடு திரும்பி ஏணியில் கால் வைத்தபோது கீழ்வீட்டு பாய் தலையை வெளியே நீட்டினார். ராமநாதபுரத்துக்காரர், தோல்பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைத் தோல் வாசத்தையும் தாண்டி அவர் மூக்கு என்னை மோப்பம் பிடித்துவிட்டது.

“மச்சான், இது நான் நெனைக்கிற வாசமா? சர்ச்சுக்குப் போற ஆளு நீங்க!”

என் மனைவிதான் ஏணியில் நின்றபடியே, “பாய், அது சீனாக்காரன் மருந்து! இந்தப் பச்ச மண்ணப் பாத்துக் கஞ்சாங்கீயளே, கண்ணவிஞ்சா போச்சு?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பாய், “சைனா போயிட்டு வாரீங்களா?” என்று கேட்பார்.

சைனாவுக்குப் பல முறை போய்வந்தோம். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் நாக்கு வழிப்பு நடந்தது. டாக்டரம்மாவின் கட்டிலில் மட்டும் உறக்கம் வந்தது. வீட்டில் வரவில்லை. பாதாம் பால் குடிக்க ஆரம்பித்ததிலிருந்து வயிறு கல் போல ஆகி, காலையில் இன்னும் அசதியாக இருந்தது. டாக்டரம்மாவும் யோசனையில் விழுந்தார். “நாடி ஒண்ணு சொல்றது, நாக்கு ஒண்ணு சொல்றது. ரெண்டும் சேரமாட்டேங்கறதே” என்று ஒரு முறை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பள்ளி திறக்கிற நாள் நெருங்கியது. வேனை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று நான் மெல்ல விசாரிக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்தச் சமயத்தில் வேனுக்குப் பாஸிங் வந்தது. லீவில் வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, ஓடத் தகுதியானது என்று சான்று வாங்க வேண்டும். சீக்கிரம் போனால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டோம். பாட்டில் தண்ணீரில் வாயைக் கொப்பளித்ததோடு சரி. அங்கே வேலை முடியப் பகல் ஏறிவிட்டது. அப்படியே டாக்டரம்மாவிடம் போகிற நேரம். வழியெல்லாம் என் மனைவி புலம்பினாள்.

“இந்தக் கோலத்துல எப்படிப் போறது? வாயத் தொறக்காதீய. நாக்கு வலிக்குன்னு சொல்லிருவமா?”

ஆனால் டாக்டரம்மா வழக்கம்போல ஜன்னல் பக்கம் திருப்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். கண்ணைத் திறந்தால், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

“இது யார் நாக்கு?” என்றார்.

என் மனைவி எழுந்தே நின்றுவிட்டாள்.

“மன்னிச்சிருங்க, டாக்டரம்மா. இன்னைக்குத் தண்ணி வரல. வழிக்காம வந்துட்டாவ. இல்லைன்னா ஒங்கள்ட்ட வரும்போது ரெண்டு மூணு தரம் வழிக்கச் சொல்லித்தான் கூட்டிட்டு வருவேன்.”

“ரெண்டு மூணு தரம் வழிக்கச் சொல்லியா?”

“ஆமா. சுத்தமா காட்டணும்லா?”

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார்.

“நான் பார்க்கவேண்டியதே அந்தப் பூச்சைத்தான்மா! அதை வீட்டிலேயே சுரண்டிப் போட்டுட்டு, வெறும் நாக்கைக் கொண்டுவந்து காட்டியிருக்கேள். நானும் பூச்சே இல்லேன்னு இவருக்குப் பாலா ஊத்தியிருக்கேன்.” சிரிப்பு அடங்கியதும், “கேக்காதது என் தப்பு. நம்ம ஊர்ல நாக்கு வழிக்காத வீடு ஏது? முதல் நாளே கேட்டிருக்கணும்” என்றார்.

மறுபடியும் நாக்கைப் பார்த்தார். மஞ்சளாகத் தடித்த பூச்சு. ஈரப்பசை வற்றவில்லை, சாப்பாடுதான் செரிக்காமல் வயிற்றில் தங்கிப் புளித்துக் கிடக்கிறது என்றார். “ஏழு மணிக்குச் சாப்பிடற மனுஷருக்கு இப்படி வராதே. ராத்திரி சாப்பாடு எப்போன்னு சொன்னேள்?”

“ஜெபம் முடிஞ்சு” என்றாள் என் மனைவி.

“ஜெபம் எப்போ? விளக்கேத்தற நேரம்தானே?”

“இல்ல, மக வந்த பெறகுதான். பத்து, பத்தரை ஆயிரும்.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதான் குடும்ப ஜெபம். ஜெபம் முடிந்துதான் சாப்பாடு. மகள் செம்பூரில் ஒரு பெரிய துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஷட்டர் இறக்கிய பிறகுதான் விடுவார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்தது புது வருடத்துக்குச் சற்று முன்பு. என் உறக்கம் கெட்டதும் அப்போதுதான். இரண்டையும் நாங்கள் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

“வயிறு முழிச்சிண்டு வேலை பார்த்துண்டிருந்தா மனசு எப்படித் தூங்கும்?” என்றார் டாக்டரம்மா. “பாலை நிறுத்துங்கோ. ஏழு மணிக்குக் கஞ்சி மாதிரி லேசா சாப்பிடுங்கோ. ஊசியை நான் பார்த்துக்கறேன். இதை நீங்கதான் பண்ணணும்.”

ஏதோ பெரிய மருந்து சொல்வார் என்று பயந்திருந்தேன். இது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. காலையில் நான் வண்டி எடுக்கும்போது மகள் உறங்கிக்கொண்டிருப்பாள். மத்தியானம் திரும்பி வரும்போது கடைக்குப் போயிருப்பாள். அந்த ஒரு தட்டு நேரம்தான் நாங்கள் எதிரெதிரே உட்கார்வது. லீவு நாட்களிலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அவளுக்கு முன்னால் நான் சாப்பிட்டது கிடையாது. வேனை விற்பதா, இதை விடுவதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலை தேநீர் குடிக்கும்போது என் மனைவி மகளிடம் சொன்னாள். அவள் முகம் மாறிவிட்டது.

“அப்ப நா வந்து அகேலியா, தனியா உக்காந்து சாப்பிடணுமா?”

“நா இருக்கேன்லா உனக்கு?”

“நீங்க எப்பவும் இருப்பீங்கம்மா. பள்ளிக்கூடம் தொறந்துட்டா அப்பாவ நா அந்த நேரந்தான் பாப்பேன். டீக் ஹை, சரி. ஹாஸ்டல் பிள்ள மாதிரி வந்து சட்டியத் தொறந்து போட்டுத் திங்கேன்.”

“ஏட்டி, அவிய வண்டி ஓட்டணும்லா? இருபது பிள்ளைய ஏத்திட்டுப் போறவரு.”

மகள் பையை எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அவளைக் கூப்பிட்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை ஏழு மணிக்கு என் மனைவி கஞ்சியும் பயற்றுத் துவையலும் வைத்தாள். ஜெபத்துக்கு முன்னால் சாப்பிட எனக்கு உறுத்தியது. “ஆண்டவருக்கு வயிறு ரொம்புனவன் ஜெபமும் கேக்கும். குடிங்க” என்றாள். குடித்தேன். மகள் வந்து, ஜெபம் முடிந்து, அவளும் தாயும் தட்டின் முன் உட்கார்ந்தபோது நானும் எதிரே போய் உட்கார்ந்தேன். தட்டு இல்லாமல் கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

“நீங்க போயிப் படுங்கப்பா” என்றாள்.

“சும்மா இருக்கேன்.”

“சும்மான்னா ஏதாவது பேசுங்க. சிசிடிவி மாதிரி பாத்துட்டே இருக்காதீங்க.”

இத்தனை காலம் வாயில் சோறு இருந்ததால் பேசாதது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. இப்போது வாய் காலியாக இருந்தது. யோசித்து, “இன்னைக்குக் கடைக்கு யாரு வந்தா?” என்று கேட்டேன். அவள் வேலையைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அவள், கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க வந்த ஒரு மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு நிறத்தைப் பிடித்து இழுத்ததைச் சொன்னாள். மாமியார் மாதிரியே நடித்துக் காட்டினாள். என் மனைவிக்குப் புரையேறிவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் மகள் என் முழங்காலுக்குக் கீழே டாக்டரம்மா சொன்ன இடத்தைத் தேடிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். “இதுவா, இதுவா?” என்று எல்லா இடத்தையும் அழுத்தினாள். எல்லா இடமும் நன்றாகத்தான் இருந்தது.

உறக்கம் உடனே வந்துவிடவில்லை. முதலில் முழிப்பு வருகிற நேரம் தள்ளிப்போனது. அப்புறம் சில நாள் முழிப்பு வந்தும் திரும்ப அசந்தேன். டாக்டரம்மாவிடம் போவதை நிறுத்தவில்லை. வழிக்காத நாக்கோடுதான் போனேன்; என் மனைவி அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். ஊசியா, சூடா, காது விதையா, கஞ்சியா, எது வேலை செய்தது என்று கேட்டேன். “நாலும் சேர்ந்துதான். கஞ்சிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி பங்கு குடுங்கோ” என்றார். ஒரு நாள் கைப்பிடியைப் பிடிக்காமலே ஏணியில் மேலே வந்துவிட்டேன். வந்த பிறகுதான் அது தெரிந்தது.

ஆனால் என் மனைவி என் வார்த்தையை நம்பவில்லை. பள்ளி திறக்கும் முன் காலி வேனை அதே நேரத்தில் அதே வழியில் ஓட்டச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்க்காமல் என் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தாள். திலக் நகரிலிருந்து மாட்டுங்கா, மாட்டுங்காவிலிருந்து திலக் நகர். பல காலைகள் அப்படிப் போன பிறகு, “வேன கேட்ட ஆளுக்கு இல்லன்னு சொல்லிருங்க” என்றாள்.

பள்ளி திறந்த அன்று நல்ல மழை. டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்ன அந்தத் தாய், குடையோடு என் ஜன்னல் பக்கம் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். “தெளிவா இருக்கீங்க, அண்ணா” என்று சொல்லி மகளை ஏற்றிவிட்டார். கடைசிப் பிள்ளையையும் ஏற்றி, கதவை இழுத்துச் சாத்திவிட்டு என் மனைவி அவள் இடத்தில் உட்கார்ந்தாள். சயான் தாண்டி, மாட்டுங்காவில் மரங்கள் கவிந்த தெருவுக்குள் திரும்பும்போது, வேனில் பேச்சுச் சத்தம் குறைந்திருப்பது தெரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

“அங்கிள்,” என்று ஒரு சிறுமி மெதுவாகச் சொன்னாள், “ஆன்ட்டி சோ கயீ.”

பைகளை மடியில் கட்டிக்கொண்டு, ஜன்னலில் தலை சாய்த்து, என் மனைவி உறங்கிக்கொண்டிருந்தாள். நான் புரண்ட ராத்திரிகளில் எல்லாம் பக்கத்தில் அவளும் முழித்துத்தான் கிடந்திருக்கிறாள். அவளை யாரும் எந்த டாக்டரிடமும் கூட்டிப் போகவில்லை.

“ஒறங்கட்டும். சத்தம் போடாம இருங்க, மக்களே” என்றேன். நான் பேசியதில் அவர்களுக்கு ஆச்சரியம். எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

பள்ளி வாசலில் நானே மழையில் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தேன். அவள் மடியிலிருந்து பைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, யாருடையது என்று கேட்டுக் கேட்டுத் தோளில் மாட்டிவிட்டேன். பிள்ளைகள் பூனை மாதிரி இறங்கினார்கள். வாசலில் நின்ற டீச்சருக்கு நான்தான் வணக்கம் சொன்னேன். கடைசிப் பையை எடுத்தபோது அவளுக்கு முழிப்பு வந்து, பதறி எழுந்தாள்.

“பிள்ளைய எங்க? யாரு எறக்குனா?”

“நாந்தான்.”

வாசலில் போகிற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். என்னையும் ஒரு தரம் பார்த்தாள். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

“நனஞ்சு போயிட்டீயளே. எழுப்ப வேண்டியதுதான?” என்றாள்.

“மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு. இன்னும் செத்த நேரம் ஒறங்கு” என்றேன். வண்டியை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.